சாளை மாதிரி ஒரு வீடு

இந்த மலாய் நாட்டில், கூலாயில் யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு சமையலறை. முன்னால் இருப்பது துடைத்துத் துடைத்து வைத்த ‘டிரை கிச்சன்’. அதில் வெந்நீர்கூடக் கொதிப்பதில்லை. பின்னால் ‘வெட் கிச்சன்’. மீன் பொரிப்பது, மிளகாய் அரைத்துச் சம்பால் வதக்குவது, வியர்வையில் குளிப்பது எல்லாம் அங்கேதான். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் எனக்கும் இது பிடிபடவில்லை. வேடிக்கை பார்க்க ஓர் அடுப்பா?

எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நிலம் வாங்கியதும், வீட்டை நானே வரைகிறேன் என்றேன். பொள்ளாச்சியில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவள் நான். அப்பா தோட்டத்தில் தேங்காய் குவித்து வைக்கும் சாளைதான் மனதில் நின்றது. நீளமாக, உயரமாக, தகரக் கூரை. சூடு வெளியேற முகட்டில் இடைவெளி. இரு முனையும் காற்றுக்குத் திறப்பு. மழைச் சத்தத்தில் அங்கே நார் மூட்டைமேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். இந்த நாட்டில் எனக்கென்று ஓர் இடமாவது வேண்டும் என்று ஆசையும் வீம்புமாக வரைந்தேன். சமையலறை ஒன்றே ஒன்று, நட்டநடுவில்.

கட்டித்தர வந்த சீனர் ஆ செங் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனி ரூமா கா, கண்டாங் கா?” வீடா, ஆட்டுக்கொட்டகையா என்கிறார் மனுஷன்! நன்றாகக் காற்று வரும் என்று என் ஓட்டை மலாயில் விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, எத்தனை ஆடு வளர்க்கப் போகிறேன் என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் சேகரிடம் போய்ப் பொரிந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அவன் கேட்டது சரிதானே? நான் எஸ்டேட் லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல, தகரத்துக்குக் கீழ பொறந்தவன் லா. மழ பேஞ்சா அம்மா பேசறதே கேக்காது. அதுலேர்ந்து வெளிய வரத்தான் படிச்சேன். மறுபடி அங்கயே கொண்டு போவாத, சுமதி.”

“ஏனுங்க, இது லயம் இல்லீங்க. சாளைங்க!”

“மேல தகரம்தானே?”

வாரக்கணக்கில் மல்லுக்கட்டினோம். கடைசியில் முன்பக்கம் முழுக்க, டிரை கிச்சனோடு, அவருக்குக் கான்கிரீட். பின்னால் மட்டும், முகட்டு இடைவெளியோடு, என் சாளை, அதில் என் அடுப்பு. வேலை முடிந்ததும் ஆ செங் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இவ்வளவு அழகான வெட் கிச்சனை அவர் கட்டியதே இல்லையாம்.

ஆக, என் வீட்டிலும் இப்போது இரண்டு சமையலறை. நேற்று மாலை மழை கொட்டியது. தகரம் ஊரில் போட்ட அதே சத்தத்தைப் போட்டது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். திரும்பினால், கான்கிரீட் முடிகிற இடத்தில் சேகர் நின்று என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.