நாலாம் நாள் டிக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை, சிட்னியில் காலியாகக் கிடந்த ஒரு கிரிக்கெட் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டேன். மேட்ச் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. செக்யூரிட்டிக்காரர் இரண்டு முறை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாம் பவானி அக்காவால் வந்தது.

நார்த்மீடில் எங்கள் பக்கத்து வீடு அவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இலங்கை டீம் இங்கே டெஸ்ட் ஆட வருகிறது என்றதும் ரோஸ்டரில் லீவ் கேட்டு வாங்கி, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். வியாழக்கிழமை ஆரம்பிக்கிற மேட்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்.

"நாலாம் நாளா? முதல் நாளுக்கு எடுத்திருக்கலாமேக்கா" என்றேன்.

"ஏன் தம்பி, நாலு நாள் நிக்க மாட்டினமோ?"

நான் இந்திய ரசிகன். ஒரு காலத்தில் இந்த இலங்கை டீமைப் பார்த்துப் பயந்தவன். முதல் ஓவரிலிருந்தே விளாசுவார்கள்... பந்து வீச வந்தால் நம் ஆட்கள் மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். உலகக் கோப்பையைத் தூக்கிய தலைமுறை அது. அடுத்து வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை, ஃபைனல் வரைக்குமாவது வந்து நிற்பார்கள். இப்போது இருப்பவர்கள்? பாவம், நல்ல பையன்கள். மூன்றாம் நாள் டீ வரை தாங்கினாலே பெரிய விஷயம்.

இதை அக்காவிடம் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கோப்பை ஃபைனல் நடந்தபோது அவர் ஊரில் யுத்தம், கரண்ட் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டிருக்கிறார்கள். அண்ணன்மார் ரேடியோவோடு ஒட்டிக்கொண்டிருக்க, பெடல் சுற்றியது அக்கா. "நான் கையை எடுத்தா ஸ்கோர் நிண்டிடும்" என்பார்.

"அங்க இருக்க முடியாமத்தானே கிளம்பி வந்தீங்க, அந்த நாட்டு டீமுக்கா சப்போர்ட்?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"அது வேற கதை தம்பி. இது நான் சுத்தின ரேடியோ."

இத்தனை வருஷத்தில் அந்த டீம் ஆடி அவர் நேரில் பார்த்ததே இல்லை. படிப்பு, வேலை, பிள்ளைகள், நைட் ஷிஃப்ட்... இந்த ஞாயிறுதான் முதல் தடவை.

சனிக்கிழமை நான் பயந்தபடியே ஆயிற்று. இன்னிங்ஸ் தோல்வி நிச்சயம். டீ முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒன்பதாவது விக்கெட்டும் போனது. அன்றைய ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. டிவியை அணைக்க ரிமோட்டை எடுத்தேன். டியூட்டியில் இருந்த அக்காவிடமிருந்து மெசேஜ்.

"நிக்கினமா?"

எப்படி அணைப்பது? "நிக்கிறாங்க" என்று தட்டினேன். அடுத்த ஓவர் முடிந்ததும் இன்னொரு "நிக்கினமா?"

கடைசி ஜோடி இரண்டு பேருமே பந்து வீச்சாளர்கள். ஒருவர் மட்டையை விளக்குமாறு மாதிரி பிடித்திருந்தார். பதினோராவது ஆள் இன்னும் மோசம் – ஹெல்மெட்டில் ஒரு அடி, விலாவில் ஒரு அடி. தடவிக்கொண்டு திரும்பவும் வந்து நிற்பார். ரன் எடுக்கிற எண்ணமே இல்லை. ஃபீல்டர்கள் எல்லோரும் கைக்கெட்டுகிற தூரத்தில் மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தியா மேட்சுக்குக்கூட நீங்க இப்படி நகம் கடிச்சதில்லையே" என்றாள் மனைவி.

கடைசியில் அம்பயர் பெயில்ஸைத் தூக்கினார். "நாளைக்கு மேட்ச் இருக்குக்கா" என்று அனுப்பினேன். உடனே பதில்: "விடிய இடியப்பம் அவிக்கிறன்."

திறமை இருப்பவர்கள் அடித்து ஆடினால் அது அழகு, நானும் கைதட்டுவேன். ஆனால் தனக்கு அவ்வளவு திறமை இல்லை என்று ஊருக்கே தெரிந்த பிறகும், ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த பந்துக்கு நிற்பதற்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்? பழைய ஜாம்பவான்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

ஞாயிறு காலை, அங்கங்கே கொஞ்சம் பேர். தொப்பியும் இரண்டு சாப்பாட்டுப் பையுமாக அக்கா.

"அந்தப் பொடியன்தானே தலையில அடி வாங்கினது?"

ஆமாம், அதே பதினோராவது பையன்தான். திடீரென்று கவரில் ஒரு பவுண்டரி அடித்தான். அசல் பேட்ஸ்மேன் தோற்றுப்போவான்! அக்கா எழுந்து நின்றுவிட்டார். இரண்டு ஓவர் கழித்து அவன் ஸ்டம்ப் பறந்தது. முதல் டிரிங்க்ஸ் பிரேக் கூட வரவில்லை, ஆட்டம் முடிந்தது. அந்த இரண்டு பேரும் படியேறி உள்ளே போகும்வரை அக்கா கைதட்டிக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"கிளம்பலாமாக்கா?"

"இருங்கோ தம்பி. அவங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு எங்களுக்கு இந்த நாளை எடுத்துத் தந்தவங்கள். சாப்பிட்டுட்டுப் போவம்."

சொதியும் சம்பலும் வெளியே வந்தன. மூன்றாவது முறை வந்த செக்யூரிட்டிக்காரருக்கும் ஒரு தட்டு நீட்டினார். மனிதர் நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.

திரும்பும்போது ரயிலில் போனைத் திறந்தால், திருச்சி நண்பர்கள் குரூப்பில் ஒரே கிண்டல். "என்னடா, உன் இலங்கை டீம் என்னாச்சு? டிக்கெட் வேஸ்ட்டா?"

நான் அனுப்பியது ஒரே வார்த்தை: "நின்னாங்க."