மைனி தடவிய எண்ணெய்

நகத்தால் ஒரு முனையைத்தான் தொட்டேன். அண்ணனுடைய பைக்கின் எஞ்சின் கவர்மேல் நான் அடித்திருந்த கிளியர் வார்னிஷ், வெயிலில் வெந்த முதுகுத்தோல் போல மொத்தமாக உரிந்து கையோடு வந்துவிட்டது. அண்ணன் ஊருக்கு வர இரண்டே நாள் இருந்தது.

அண்ணன் குவைத்தில் வேலை பார்த்தான். மூன்று வருடம் கழித்து விடுப்பில் வருகிறவன் தன் மனைவியிடம், அதாவது என் மைனியிடம், போனில் சொல்லியிருந்தான்: "முட்டத்து உப்புக்காத்துல பைக்கு இதுக்குள்ள துருப்பிடிச்சுப் பொடிஞ்சிருக்கும். யாருக்காவது குடுத்திரு. நான் ஒரு மாசத்துல திரும்பிப் போறவன்தானே." மைனி போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "மக்கா, வண்டி பளபளன்னு நிக்கணும். இங்க ஒண்ணும் பொடிஞ்சு போகல்லன்னு அவரு கண்ணால பாக்கட்டு. பொறவு போறாரா இருக்காரான்னு பாப்போம்." அவள் பேச்சு எப்போதும் கெஞ்சலாகத் தொடங்கிக் கட்டளையாக முடியும்.

வீட்டை ஒட்டிய ஷெட்தான் என் பட்டறை. அலுமினியத்தைக் கண்ணாடியாகத் தேய்க்க யாருக்கும் வரும். அந்தப் பளபளப்பு கடற்கரையில் பத்து நாள் தாங்காது, வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். கிளியர் அடித்தால்தான் நிற்கும். எண்ணெய்ப்பசை போகத் தின்னரால் துடைத்தபின் வெறும் விரல்கூடப் படக்கூடாது. மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டு அடிக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் கிளியர் உரிந்ததென்று அதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. உரிந்த தோலை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

"மைனி, இதுல எண்ணெய் தேச்சியளா?"

"பின்னே? நீ தொடச்சு வச்சிட்டு சாயா குடிக்கப் போயாச்சு. கடக்காத்து சும்மா நிக்குமா? லேசாட்டு ஒரு கை தடவினேன்."

வெட்டுக்கத்தியோ, பூட்டோ, தையல் மிஷினோ, எங்கள் பக்கத்தில் ஒரு கை எண்ணெய் தடவித்தான் வைப்பார்கள். மூன்று வருடமும் காலைதோறும் அவள் அந்த வண்டிக்குச் செய்ததும் அதுதான். அதனால்தான் அது பொடியாமல் நின்றது.

"வண்டியக் காப்பாத்துனதும் நீங்க, கெடுத்ததும் நீங்க" என்றேன்.

"வாயடிக்காம சோலியப் பாரு."

அண்ணன் வந்து இறங்கியபோது, உரித்துத் திரும்ப அடித்ததில் வலதுபக்கக் கவர் மட்டும் முடிந்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்காமலே வண்டியைச் சுற்றி வந்தான். வலதுபக்கத்தில் தன் முகத்தைப் பார்த்தான். துடைத்து வைத்திருந்த இடதுபக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனான்.

"தொடாதீங்க! கை பட்டா கிளியர் ஒட்டாது" என்று மைனி பாய்ந்து வந்தாள், பிறந்ததிலிருந்தே பட்டறையில் நிற்பவள் போல.

அண்ணன் என்னைப் பார்த்தான். "அடிச்சாச்சுன்னா எத்தன காலத்துக்குலே நிக்கும்?"

"வருசத்துக்கு ஒருக்கா பாக்கணும். உப்பு ஏறுச்சுன்னா உரிச்சுத் திரும்ப அடிக்கணும்."

"அத யாரு பாக்கது?"

"மூணு வருசம் நான் பாத்தாச்சு" என்றாள் மைனி. "இனி வண்டிக்காரரு பாக்கட்டு."

 அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான்.

இப்போது குளச்சலில் மீன்வலைக் கடை வைத்திருக்கிறான். வருடந்தோறும் மழைக்காலம் முடிந்ததும் வண்டியோடு பட்டறைக்கு வந்து அவனே தின்னர் போட்டுத் துடைக்கிறான். காய்கிற வரைக்கும் மைனி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், ஒருவரும் கை வைத்துவிடாதபடி.