கால்வாய் நடுவில் இறங்கியவள்

போன செவ்வாய்க்கிழமை சிட்னி மெரிலேண்ட்ஸில் மரக்கறிக் கடையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. மெல்பேர்ண் பொயிண்ட் குக்கிலிருந்து என் தோழி மங்கையின் தங்கை மகள் பேசினாள்.

"அன்ரி, பெரியம்மா விடிய போயிட்டா. நித்திரையிலேயே. ஷீ வாஸ் வெரி பீஸ்ஃபுல்."

கையிலிருந்த கத்தரிக்காய்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏற மனம் வரவில்லை. அந்தத் தெருவையே மூன்று தடவை சுற்றி நடந்தேன். அமைதியாகப் போய்விட்டாளாம். மங்கையர்க்கரசியை அறிந்த எவருக்கும் அந்தச் சொல்லை அவளோடு சேர்த்து நினைப்பது கடினம்.

உங்களில் பலர் அவளை மெல்பேர்ண் கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதான வரிசைக்கும் அடுக்களைக்கும் இடையில் ஓடிக்கொண்டேயிருந்த மனுஷியாக அறிவீர்கள். எனக்கு அவளைத் தெரிந்தது அந்தக் கோயில் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பு, எழுபதுகளின் தொடக்கத்தில். இருவரும் கொழும்பில் தாதிமாராகப் பயின்று, சில மாத இடைவெளியில் மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் குடியிருப்பு. அவள் சோற்றைக்கூட குசினியில் நின்றபடிதான் சாப்பிடுவாள். "கதிரையிலை இருந்தா யோசினை வந்திடும்" என்பாள். இரண்டு வருடத்தில் நான்கு வீடு மாறினாள். ஒவ்வொரு தடவையும் நான் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு கிடைத்தால் போர்ட் மெல்பேர்ண் துறைக்கு இழுத்துக்கொண்டு போவாள். பெரிய பயணிக் கப்பல்கள் புறப்படும் நாட்களில், மேல்தளத்தில் நிற்பவர்கள் வண்ணக் காகித நாடாக்களை வீசுவார்கள். கரையில் நிற்கும் உறவினர்கள் மறுநுனியைப் பிடித்துக்கொள்வார்கள். கப்பல் நகர நகர நாடா இழுபட்டு அறும். எங்களுக்கு அந்தக் கப்பல்களில் யாருமே இல்லை. ஆனால் மேலே தனியாக, கரையில் யாரையும் தேடாமல் நிற்கும் ஒருவரை மங்கை எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். கையை உயர்த்தி ஆட்டி, அவருடைய நாடாவைத் தான் பிடித்துக்கொள்வாள்.

"ஆரெண்டே தெரியாதே, ஏன் மங்கை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கும் என்னை ஆரெண்டு தெரியாதுதானே," என்றாள். அவள் கண் என்னவோ கப்பலில்தான் இருந்தது.

மகப்பேற்றுப் பயிற்சிக்காக இலண்டன் போக நான் முடிவு செய்தபோது, அவள் ஒரு கிழமைக்குள் தன் வேலையை விட்டாள். சிட்னியிலிருந்து நான் போகவிருந்த அதே கப்பலில் தாதி வேலை எடுத்துக்கொண்டாள். சூயஸ் கால்வாய் அப்போது மூடிக்கிடந்தது. எங்கள் கப்பல் பசிபிக்கைக் குறுக்கறுத்து, பனாமாக் கால்வாய் வழியாக இங்கிலாந்து போவது. "நிலத்துக்கு நடுவாலை கப்பல் போறதாம். நான் பாக்கவேணும்," என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

பயணத்தில் நான் பயணி, அவள் வேலையாள். கப்பலின் வைத்தியர் வயதான ஆங்கிலேயர், என் சாப்பாட்டு மேசைக்காரர். என்னோடு அன்பாகப் பேசுவார். இலண்டனில் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எனக்காகப் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

கால்வாய்க்குள் நுழைந்த காலை, பயணிகள் எல்லோரும் மேல்தளத்தில் நெருக்கியடித்து நின்றோம். கப்பலை மேலேற்றும் நீர்த்தொட்டிக்குள் புகுந்தபோது, கப்பலுக்கும் அதன் மதிற்சுவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருந்ததுபோலத் தோன்றியது. இருபுறமும் தண்டவாளத்தில் ஓடும் சிறிய எஞ்சின்கள் வடத்தால் கப்பலைப் பிடித்திருந்தன. பின்னால் கதவு மூடியதும் தண்ணீர் பொங்கி, அவ்வளவு பெரிய கப்பல் சத்தமில்லாமல் மேலே எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் மங்கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இதைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்து வந்தவள், வெளியே திரும்பியும் பார்க்கவில்லை.

"கீழை ஒருக்கா வாரும். சேவியருக்கு வயித்து நோ நிண்டிட்டுதாம்."

சேவியர் கப்பலின் சலவைப் பகுதியில் வேலை செய்த கோவாக்காரன். இரண்டு நாளாக வயிற்று நோவில் படுத்திருந்தான். வைத்தியர் அதை அசீரணம் என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்.

"நோ நிண்டா நல்லதுதானே," என்றேன்.

"திடீரெண்டு நிண்டதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு. வாரும்."

போய்ப் பார்த்தேன். அவன் உதடுகள் வெளிறி, நெற்றி நனைந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன். பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. குடல்வால் வீங்கி வெடித்திருக்கிறது, அதனால்தான் நோ சற்று அடங்கியிருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் அவன் பிழைக்கமாட்டான்.

வைத்தியர் வந்தார். இன்றிரவு அட்லாண்டிக் பக்கத்துத் துறைமுகத்தை அடைந்ததும் பார்க்கலாம் என்றார். மங்கை அது பிந்திவிடும் என்றாள். அவர் முகம் சிவந்தது. "உங்கள் தோழியும் தாதிதானே. அவர் என்ன சொல்கிறார்?" என்று என் பக்கம் திரும்பினார்.

மங்கை என்னைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவனும் பார்த்தான்.

"நான் இந்தக் கப்பலில் ஒரு பயணி மட்டும்தான்," என்றேன்.

மங்கை படியேறிக் கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன். கால்வாய்க்குள் கப்பலைச் செலுத்துவது கப்பல் தலைவர் அல்ல, அதற்கென்று ஏறும் அமெரிக்க வழிகாட்டி. தலைவர் அவளைக் கீழே போகச் சொன்னார். அவள் வழிகாட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"கீழே ஒருவன் சாகக் கிடக்கிறான். இரவுவரை தாங்கமாட்டான்."

வழிகாட்டி அவளை ஒரு கணம் பார்த்தார். "மலையை வெட்டிய பகுதி முடிகிற இடத்தில் கம்போவா இருக்கிறது. அங்கே ஒரு படகு வரச்சொல்கிறேன். கப்பல் நிற்காது, மெதுவாகப் போகும். ஆளை இறக்க முடியுமா?" என்றார்.

"முடியும்."

கூட யார் போவது என்று கேள்வி வந்தது. தன்னிடமுள்ள ஒரே தாதியை விடமுடியாது என்று வைத்தியர் மறுத்தார். கப்பலின் பக்கக் கதவு வழியாகச் சேவியரைத் தூக்குக் கட்டிலோடு கட்டிப் படகில் இறக்கினார்கள். அவன் ஏதோ முனகினான். படகுக்காரர் பேசிய ஸ்பானிய மொழி அவனுக்கு விளங்கவில்லை. மங்கை குனிந்து பார்த்தாள். பிறகு வெள்ளைச் சீருடையோடு கயிற்று ஏணியில் கால் வைத்தாள்.

"போட்டு வாறன்," என்று என்னிடம் சொன்னாள். கடைக்குப் போகிறவள் சொல்வதுபோலச் சொன்னாள்.

படகு பழுப்பு நீரில் திரும்பிப் போனது. கப்பல் ஏரிக்குள் போய்விட்டது. நான் மேல்தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டேயிருந்தேன்.

கடமையை விட்டு ஓடியவள் என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு வைத்தியரின் பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. அந்தக் கடிதத்தைக் கொண்டுதான் இலண்டனில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பனாமாவில் நின்ற அவளிடமிருந்து கடுதாசி வந்தது. சேவியர் பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இரவில் அவனையும் வேறு சிலரையும் பார்த்துக்கொள்வதால் அவளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. "பகலிலை குன்றிலை ஏறி நிண்டு கப்பல் பாக்கிறன். தண்ணி தெரியாது. மரங்களுக்கு மேலாலை புகைபோக்கி மட்டும் நகருது, காட்டுக்குள்ளாலை கப்பல் நடந்து போறமாதிரி. முதல் நாள் அதிசயமாயிருந்தது. ரெண்டாம் நாள் கோவம் வந்தது. கப்பல் போகுது, நான் நிக்கிறன். இது சரிவராது." என் மீது ஒரு வரி குறை இல்லை. ஒரு வரி இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிறகு சிட்னிக்குப் போகும் ஒரு கப்பலில் தாதி நோயுற்று இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு, ரயிலில் அட்லாண்டிக் கரைக்குப் போய் அதில் ஏறினாள். கால்வாயை இந்தத் தடவை முழுமையாகக் கடந்தாள். நோயாளி எவரும் இல்லாததால் எட்டு மணித்தியாலமும் மேல்தளத்தில் நின்றாளாம். "எப்பிடி இருந்தது?" என்று பின்னொருநாள் கேட்டேன். "நல்லாத்தான் இருந்தது. ஆனா சரியான மெதுவு," என்றாள்.

நான் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பி, சிட்னியில் குடும்பமாகி, பிள்ளைகள் வளர்ந்தார்கள். மங்கை மெல்பேர்ணில் வார்டு வார்டாக மாறி, கடைசிவரை தாதியாகவே இருந்தாள். என் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். "மங்கை அன்ரிக்குப் பயம் எண்டா என்னெண்டே தெரியாது" என்றுதான் எப்போதும் முடிப்பேன். வைத்தியரிடம் நான் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

மூன்று கிழமைக்கு முன் அவளைப் பார்க்கப் போனேன். எழும்ப முடியாமல் கிடந்தாள். போர்வைக்குள் கால்விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஐம்பது வருடத்துப் பாரத்தை அங்கேதான் இறக்கினேன்.

"மங்கை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். எனக்குத் தெரியும், அவனுக்கு என்னெண்டு."

"ஓம். உமக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்."

"நான் பயந்திட்டன். நீர் பயப்பிடாத ஆள்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது.

"ஆர் சொன்னது? ஏணியிலை கால் வைக்கேக்கை முழங்கால் ரெண்டும் நடுங்கினது. எனக்கு நீந்தத் தெரியாது. வேலை போகுமெண்டும் தெரியும். கீழை அந்தப் பொடியன் தனியக் கிடந்தவன், அவ்வளவுதான்."

பிறகு யன்னலைத் திறக்கச் சொன்னாள்.

பயமறியாதவள் என்று அவளை ஊரெல்லாம் புகழ்ந்ததில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அவள் வேறு பிறவி, நான் சாதாரண மனுஷி என்று என்னை நானே மன்னித்துக்கொண்டிருந்தேன். அந்த வசதியை அவள் போகிறபோது எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நடுங்கிய இரண்டு முழங்கால்களை எனக்கு விட்டுப்போயிருக்கிறாள். அவற்றைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். என் பிள்ளைகளுக்கு இனிக் கதையை முழுவதுமாகச் சொல்வேன்.