சட்டைப் பையில் இருந்த அட்டை

பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழும் நோய் எனக்கு. அதற்கு வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மலைமேல் இருக்கும் புதூர்நாடு ஜீப் ஸ்டாண்டில் பஞ்சர் ஒட்டுகிறேன். நோயை வெளியே சொன்னால் கேவலம் என்று, கேட்டவர்களிடம் சத்து மாத்திரை என்றே சொல்லிவைத்திருந்தேன்.

வேறு யாருக்கும் தரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் ஸ்டாண்டிலோ பீடியிலிருந்து மாத்திரை வரை எல்லாமே பங்குதான். திருவிழா சவாரியில் தூங்காமல் கண் சிவந்திருந்த டிரைவர் சேகரிடம், பெரிய வைத்தியன் போல, "ஒன்னு போட்டுக்கோ, தூக்கம் கிட்டயே வராது" என்று நீட்டினேன். அவனுக்குப் பிரஷர் இருப்பது எனக்குத் தெரியும்.

மலை இறங்கும்போது நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, ஆட்களோடு ஜீப்பை ஓரங்கட்டிவிட்டான். அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இன்னா மாத்திரை குடுத்தீங்க?" என்றார் நர்ஸ்.

"சத்து மாத்திரைங்க." மாத்திரை அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது.

படுத்திருந்த சேகர் மூச்சு வாங்கியபடி சொன்னான். "அவன் பொய் சொல்ல மாட்டான் சிஸ்டர். தெனம் அவனும் அதான் போட்றான்."

அதற்குப் பிறகுதான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

சேகர் பிழைத்துக்கொண்டான். "அட்டையக் காட்டி என் உசுரக் காப்பாத்துனவன்" என்று இன்றும் ஸ்டாண்டில் சொல்கிறான். வெட்கங்கெட்ட நான் மறுப்பதில்லை. குனிந்து டியூபைத் தேய்க்கிறேன்.