சுடாத தணல்

பெருநகருக்குப் பக்கத்து ஊரில் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன் கன்னியப்பன். சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. வரப்பில் நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். பின்னால் வருகிறவர்கள் எடுத்துக் கொடுத்துச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

சர்க்கரை இறங்கினால் தீ மிதிப்பதாக திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் இறங்கியது. சித்திரையில் காப்புக் கட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்த நர்ஸ் இளவரசி அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

“கால்ல உணர்ச்சி இல்லாதவங்க தீ மிதிக்கக் கூடாதுண்ணா.”

“மாத்தரதான் துன்றனே நர்ஸம்மா. ஒடம்புல இன்சுலினே இல்லாமயா பூட்ச்சி?”

“கீது. அதான் வெசயமே. ஒடம்புல கீற ஒவ்வொரு செல்லு வாசல்லயும் இன்சுலின் வந்து நின்னு, சக்கரைய உள்ள வுடுன்னு சொல்லுது. அந்தச் சேதி உள்ள கைமாறிப் போனாத்தான், சக்கரைய இஸ்துக்கினு போற ஆளு வாசலுக்கு வருவான். உனுக்கு நடுவுலயே சேதி நின்னுடுது. கல்லீரலுக்கும் கேக்கல, போதும்னு தெரியாம சக்கரைய ஊத்திக்கினே கீது. ரத்தத்துல தேங்கி, கால் நரம்ப அரிக்குது.”

“எங்க வூட்டு கதைதான். நான் வாசல்ல நின்னு கத்துவேன், உள்ள இவ காதுல வாங்க மாட்டா.”

“நீ இன்னா உருப்படியா சொன்ன, வாங்கறதுக்கு?” என்றாள் உள்ளிருந்து மனைவி செங்கேணி.

நர்ஸ் சிரிக்கவில்லை. “புண்ணு வந்தா ஆறாதுண்ணா. கால எடுக்கணும்னு சொல்லிடுவாங்க.”

“அம்மாவுக்கு வாக்கு குட்த்துட்டேன்.”

வலி ஒரு செய்தி. அது வராதபோது அமைதி என்று எண்ணிக்கொள்கிறோம்; சிலர் அருள் என்றும்.

அந்தியில் தணலைப் பரப்பினார்கள். மற்றவர்கள் ஓடிக் கடந்தார்கள். கன்னியப்பன் நடந்தான். நடுவில் நின்று கோயிலைப் பார்த்துக் கைகூப்பினான்.

“அம்மா அவன் கால்லதாண்டா கீறா!” என்று பெரியவர் பெருமாள் தரையில் விழுந்து கும்பிட்டார். ஊர் முழுக்கத் துணிச்சல் என்றது. சுட்டும் நிற்கிறவனைத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வீட்டில் செங்கேணி அவன் கால்களைக் கழுவினாள். உள்ளங்கால் தோல் வெளுத்து, தொட்ட இடத்தில் கழன்று தண்ணீரோடு வந்தது.

“ஒண்ணுமே சுடலமே! பூ மேல நடந்த மாரி இருந்துச்சி.”

செங்கேணி கட்டைவிரல் நகத்தை அவன் குதிகாலில் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். நகத்தடியில் ரத்தம் வந்தது.

கன்னியப்பன் அடுத்த வருடத் தீமிதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.