நாலு என்று சொன்னேன்

என் மேசையில் இருபது முகங்கள் கொண்ட நீலப் பகடைக்காய் ஒன்று இருக்கிறது. நெல்லிக்காய் அளவுதான். பதினெட்டு என்ற எண் மேலே தெரியும்படி வைத்திருக்கிறேன். மேசையைத் துடைக்கும்போது கை பட்டு உருண்டால், அந்த எண்ணைத் தேடி மறுபடி அப்படியே வைத்துவிடுவேன். பார்க்கிறவர்கள் ராசியான எண்ணா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. கப்பலில் வேலை பார்த்த அண்ணன், ஏதோ ஒரு துறைமுகத்தில் வெளிநாட்டுத் தாயம் என்று நினைத்து ஒரு பெட்டியை வாங்கி வந்திருந்தான். பிரித்துப் பார்த்தால் கட்டமும் இல்லை, சோழியும் இல்லை. விதவிதமான காய்களும் தடித்த இங்கிலீஷ் புத்தகமும்தான் இருந்தன. அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டான். பாளையங்கோட்டையில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்த நான்தான் அகராதியை வைத்துக்கொண்டு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஒருத்தி கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் புத்தகத்தில் இருக்கிற மாய உலகத்துக்குள் வேறு ஆட்களாகப் புகுந்து பேச வேண்டும். அவர்கள் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதைக் காய் சொல்லும். பத்துக்கு மேல் விழுந்தால் பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், டவுணில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆடினோம். கதையை நடத்துகிறவள் நான். எதிர்வீட்டு டீச்சர் படைத்தலைவி. அண்ணன் மனைவி, என் மதினி, பூனைக்கண்ணி என்று பெயர் வைத்துக்கொண்ட திருடி.

மதினி சீவலப்பேரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாவிடம் அவள் பேச்சு ‘சரி அத்தை’ என்பதைத் தாண்டாது. ஆனால் பாயில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். கோட்டைக் காவலர்களைப் பேசியே தூங்கவைப்பாள்; பூதத்திடம் சாவியை வாங்கிக்கொண்டு அதற்கே புத்தி சொல்லிவிட்டு வருவாள். டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்பார். வாரம் முழுக்க வாய்க்குள் அடைத்து வைத்ததை அந்த இரண்டு மணி நேரத்தில் அவிழ்த்து விடுகிறாள் என்று எனக்குத் தோன்றும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும்தான் அதைச் செய்தேன்.

அந்த மாதம் வீட்டில் அப்பாவின் சிவப்புக்கல் மோதிரத்தைக் காணவில்லை. அப்பா போன பிறகு அம்மா அதைப் பீரோவில் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பீரோச் சாவி அடுக்களை ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுப்போம். மோதிரத்தை எடுத்தது நான். கல்லூரி விழாவுக்கு ஒரு பகட்டுக்காக, தளர்ந்துவிடாமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் விடியலில், கழற்றாமலே தோழிகளோடு குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போனேன். முங்கி எழுந்தபோது விரலில் ஈர நூல் மட்டும் இருந்தது. அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள், அவ்வளவுதான். பெற்ற பெண்ணைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றாது. வெறும் ஆணியை மதினி ஒரு நிமிஷம் நின்று பார்த்ததை நான் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதையில் ஒரு வழக்கு விசாரணை வந்தது. அரண்மனையில் திருடியதாகப் பூனைக்கண்ணியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். புத்தகத்தில் திருட்டுப்போனது ராணியின் கிரீடம். அதை மோதிரமாக மாற்றியது நான். ஏன் மாற்றினேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. யாராவது என்னைக் கண்டுபிடித்துத் தொலைக்கட்டும் என்று உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ. கோர்ட் டவாலியைப் போல மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். டீச்சர் கறுப்புக் குடையைத் தோளில் போட்டு அரசாங்க வக்கீல் ஆனார். சாட்சி சொல்கிறவர்கள் ஒரு மந்திரக் கோளத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வதாகப் புத்தகத்தில் இருந்தது. அது இங்கே யாருக்கு விளங்கும் என்று, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஒரு அழகுக்காகச் சொன்னதுதான்.

மதினி பைய எழுந்து போய், பூஜை அலமாரியிலிருந்து தட்டும் நிஜக் கற்பூரமும் எடுத்து வந்தாள். விளையாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று டீச்சர் தடுத்தார். மதினி கேட்கவில்லை. கொளுத்தி, பாயின் நடுவில் வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா படுத்திருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

“நான் எடுக்கல. எடுத்தவ யாருன்னும் எனக்குத் தெரியாது. இது சத்தியம்” என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

நீதிபதி அதை நம்புகிறாரா என்று நான் காய் உருட்ட வேண்டும். புத்தகத்தைத் தட்டிபோல் நிறுத்தி, அதன் மறைவில்தான் எப்போதும் உருட்டுவேன். பதினெட்டு விழுந்தது. மதினி எடுக்கவில்லை என்று ஆகிவிட்டால், வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான். “நாலு” என்று சொன்னேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏட்டி, என்ன தீர்ப்பு ஆச்சு?”

“குத்தவாளிதாம்மா” என்றேன். அங்கே உட்கார முடியாமல், தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டீச்சர் கிளம்பியிருந்தார். மதினி எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்து வைத்து, பாயையும் சுருட்டியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஆட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது.

அண்ணன் கரைக்கு வந்ததும் தூத்துக்குடியில் தனிவீடு பார்த்துப் போய்விட்டார்கள். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு மாதம், மதினிதான் வந்திருந்து பார்த்தாள். குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள். பீரோவிலிருந்து மாற்றுச் சேலை எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவாள்: “ஏளா, சாவிய நீயே எடுத்துத் தொறந்துரு.” அப்போதும் நான் திறந்தது பீரோவைத்தான்.

அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து அந்தப் பெட்டி கிடைத்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. மோதிரம், நூல், குறுக்குத்துறை, காய் எல்லாவற்றையும் மதினியிடம் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பெட்டியைக் கிண்டி நீலக் காயை எடுத்தாள்.

“பதினெட்டு விழுந்தது எனக்குத் தெரியும்ளா. நாந்தான எல்லாத்தையும் எடுத்து வச்சேன். நீ போட்டது போட்டபடி கெடந்துச்சு” என்றாள். பெட்டியை மூடிக்கொண்டே, “அத்தை இருக்கையிலயே சொல்லுவன்னு நெனச்சேன்” என்றாள்.

பிறகு காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த எண் மேலே வரும்படி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மிச்சப் பாத்திரங்களை ஒழிக்கப் போனாள்.