மாத்திரை சாப்பிட்டா ஆத்தா கோவிக்க மாட்டா

போன ஆவணியில எனக்கு அக்கி வந்துச்சு. இடது விலாவுல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் கொப்புளம். நான் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்கிறவ. தீபாவளி ஆர்டர் குவிஞ்சு கெடந்த நேரம். ஊரு வழக்கப்படி மண்பானை செய்யிற வேளார் வீட்டுக்குப் போயி, காவி மண்ணக் குழைச்சுக் கொப்புளத்து மேல அக்கி எழுதிக்கிட்டேன். கொப்புளம் காஞ்சு உதிர்ந்துச்சு. வலி மட்டும் போகல.

அம்மாடி, அது என்ன வலி! ஜாக்கெட்டுத் துணி உரசுனாப் போதும், உசுரு போயி உசுரு வரும். ஒரு நாள் எம் மக ஓடி வந்து கட்டிப்பிடிச்சா. வலி தாங்காம அவளைப் பிடிச்சுத் தள்ளிட்டேன். பிள்ளை பயந்துபோயி அதுக்கப்புறம் எங்கிட்ட ஒட்டவே இல்ல. அதை நெனச்சு நெனச்சு அழுதேன்.

மெடிக்கல்ல வாங்குன வலி மாத்திரைக்கு வயிறு எரிஞ்சதுதான் மிச்சம். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா எங்க அத்தை, அதான் மாமியா, விடல. அம்மை மாதிரி அக்கியும் ஆத்தா விளையாட்டுதான், ஊசி மாத்திரைன்னு போனா அவ கோவம் கூடிரும்னு சொன்னாக. தெருவே அதத்தான் சொல்லுச்சு. வேப்பிலை பூசு, விரதம் இரு, பொறுத்துக்கோ. பொறுக்கச் சொன்னவுகளுக்கு என் விலாவ ஒரு நாள் கடன் குடுக்க முடிஞ்சா குடுத்திருப்பேன்.

ஒரு செவ்வாக்கெழமை உச்சி நேரம், ஆத்தா கோயிலுக்குப் போனேன். கும்பிடல. சண்டை போட்டேன்.

"நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? ஒண்ணு இந்த வலிய எடு. இல்ல, எங்கன போனாத் தீரும்னு காட்டு. தெரியாம நான் நகர மாட்டேன்."

நின்னுக்கிட்டே இருந்தேன். பூசாரி ஐயா நடையச் சாத்திட்டுத் தூணோரமா உக்காந்து சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சு மடியிலருந்து ஒரு அட்டைய எடுத்தாரு. மாத்திரையப் பிதுக்கி வாயில போட்டுத் தண்ணி குடிச்சாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ன மாத்திரைன்னு கேட்டேன். மூட்டு வலிக்கு, பெரியாஸ்பத்திரியில குடுக்கிறது, ரொம்ப நாளாச் சாப்பிடுறேன்னாரு.

"ஆத்தா கோவிக்கலையா?"

"நான் எந்திரிச்சு நிக்காட்டி அவளுக்கு யாரும்மா தீவாராதனை காட்டுறது? போ, பஸ் ஏறு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. கேட்டதுக்கு ஆத்தா பதில் சொல்லிட்டா.

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். புண்ணு ஆறுனாலும் அக்கி தாக்குன நரம்பு வலிக்கும், சாதா வலி மாத்திரைக்கு அது அடங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாக. கொப்புளம் வந்ததுமே வந்திருக்கணும்னு திட்டுனாக. நரம்பு வலிக்குன்னே தனி மாத்திரை குடுத்தாக. கொஞ்சமா ஆரம்பிச்சுக் கூட்டணும், தலை சுத்தும், நீயாக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாதுன்னாக. மேல தடவ, தோலை மரக்க வைக்கிற மருந்தும் குடுத்தாக. அதுக்கும் கேக்கலைன்னா ஊசி போட்டு நரம்ப மரக்க வைக்கலாம், மதுரைக்கு எழுதித் தாரேன்னாக. இம்புட்டு வழி இருந்திருக்கு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பொறுத்துக்கோ மட்டுந்தான்.

ஒரே நாள்ல போகல. தலை சுத்தலோட கம்பெனியில பட்டாசு மருந்து ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு சீசன் முழுக்க வீட்டுல கெடந்தேன். வலி கொஞ்சங்கொஞ்சமா எறங்குச்சு. மார்கழியில எம் மகளை நானே இழுத்துக் கட்டிக்கிட்டேன். இன்னைக்கும் அப்பப்பச் சுருக்குங்கும், அம்புட்டுத்தான்.

பங்குனியில தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டுனேன். மாத்திரை திங்கிறவ சட்டி எடுக்கலாமான்னு தெருவுல பேச்சு. சட்டி எடுக்கிற அன்னைக்குக் காலையில வாசல்ல நின்னு, அம்புட்டுப் பேரு பாக்க மாத்திரையப் போட்டுட்டுத்தான் சட்டிய ஏந்துனேன். ஆத்தா என்னைய ஒண்ணும் செய்யல. கோயில் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனா.

தாயிகளா, வலிச்சா ஆத்தாகிட்ட அழுங்க, சண்டை போடுங்க. கேப்பா. ஆனா அவ பேரச் சொல்லி ஒங்கள ஆஸ்பத்திரிக்கு விடாதவுக பேச்சக் கேக்காதீக. தனியாப் போகப் பயமா இருந்தா எனக்குச் சொல்லி விடுங்க. ஒரு நாள் கூலி போனாப் போகுது, நான் கூட வாறேன்.